வாட்டில் அண்ட் டாப்: தமிழ்ல வரிச்சு மண்சுவர்

இங்கிலாந்து பழைய காட்டேஜ் போட்டோல வெள்ளைச் சுவர் நடுவுல கறுப்புக் கறுப்பா மரக்கட்டை குறுக்கும் நெடுக்குமா ஓடும்ல, பாக்குறவங்க எல்லாம் மரத்தைப் பத்திதான் பேசுவாங்க, அந்த வெள்ளைக் கட்டத்துக்குள்ள என்ன இருக்குனு கேக்குற ஆளு கம்மி. அதுக்குப் பேருதான் வாட்டில் அண்ட் டாப்.

வாட்டில்னா கழியைப் பின்னிக் கட்டுற தட்டி, இது பழைய ஆங்கிலச் சொல்லு. டாப்னா அது மேல அப்புற சேறு, இந்தச் சொல்லு பிரெஞ்சு வழியா வந்தது, அதுக்கு மூலம் லத்தீன்ல 'வெள்ளையடிக்கிறது'ங்கிற சொல்லு, நம்ம கல்யாண ஆல்பத்துல இருக்குற ஆல்பமும் வெள்ளைங்கிற அதே வேர்தான். வெள்ளையடிக்கிறதுல ஆரம்பிச்சு சேறு அப்புறதுல வந்து நின்னிருக்கு பாருங்க.

வீட்டோட வெயிட் பூராவும் மரச்சட்டம் மேலதான், சுவர் சும்மா இடத்தை அடைக்கத்தான். ஷேக்ஸ்பியர் கட்டிக்கிட்ட ஆன் ஹாத்தவே பொறந்த வீடு ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கத்துல ஷாட்டரில இன்னும் நிக்குது, அதோட பழைய பகுதி 1463ல கட்டுனது, வளைஞ்ச பெரிய மரத்துண்டு ரெண்டை உச்சில சேர்த்து நிறுத்துற 'க்ரக்' முறை அதுல இருக்கு. (பேருதான் காட்டேஜ், உண்மையில 12 ரூம் உள்ள பண்ணை வீடு.) சட்டத்துக்கு எடுக்குற ஓக் மரத்தை காய வைக்காம பச்சையாவே அறுத்து இழைப்பாங்க, ஏன்னா காஞ்ச ஓக்ல உளி இறங்காது. மூட்டுல ஆணி கிடையாது, மர முளைதான், அதுவும் சேருற ரெண்டு கட்டையிலயும் துளையை நேருக்கு நேர் போடாம லேசா தள்ளிப் போட்டு முளையை அடிச்சு இறக்குவாங்க, அது மூட்டை இழுத்துப் பிடிச்சுக்கும். தச்சுப்பட்டறையிலயே ஒருதடவை கோத்துப் பாத்து, எந்தக் கட்டை எங்கங்கிறதுக்கு ரோமன் எண் மாதிரி கீறி வச்சு, பிரிச்சு எடுத்துட்டுப் போய் மறுபடி கோப்பாங்க, அந்தக் கீறலை இன்னைக்கும் நிறைய வீட்டுல பாக்கலாம்.

இப்ப அந்த வெள்ளைக் கட்டத்துக்கு வருவோம். மேல் கட்டையோட அடியில வரிசையா துளை, கீழ் கட்டையில நீளமா ஒரு பள்ளம். பிளந்த ஓக் குச்சியை மேல துளையில சொருகி கீழ பள்ளத்துல தள்ளி நிறுத்திடுவாங்க. அதுக்கு ஊடால ஹேசல்ங்கிற சின்ன மரத்தோட கழியை வளைச்சு வளைச்சுப் பின்னுவாங்க, கூடை முடையுற அதே வேலைதான். அப்புறம் களிமண், சாணி, நறுக்குன வைக்கோல் மூணையும் மிதிச்சுக் குழைச்சு சுவருக்கு ரெண்டு பக்கமும் நின்னு அப்பணும், அப்பதான் ரெண்டு பக்கத்து மண்ணும் பின்னலுக்குள்ள புகுந்து ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும். காஞ்சதும் சுண்ணாம்பு. அந்தக் கறுப்பு மரம் வெள்ளைச் சுவர் காம்பினேஷன் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஃபேஷன், அதுக்கு முன்னாடி ஓக்கை அப்படியே சாம்பல் நிறமா விட்டுடுவாங்க, இல்லைனா மரத்துக்கும் சேர்த்து சுண்ணாம்பு அடிச்சிடுவாங்க. பின்னாடி வந்தவங்க மேல சிமெண்ட் பூசிட்டாங்க, ஈரம் வெளிய போக வழியில்லாம 400 வருஷம் நின்ன ஓக் உள்ளுக்குள்ளயே உளுத்துப்போச்சு, இதெல்லாம் தேவையா.

தமிழ்ல இதுக்கு 'களிமண் சுவர்'னு எழுதுறது தப்பு, ஏன்னா இங்கிலாந்துல டெவன் பக்கம் உள்ளே கழியே இல்லாம வைக்கோல் கலந்த மண்ணை அடுக்கி எழுப்புற சுவருக்கு 'காப்'னு தனிப் பேரு இருக்கு, ரெண்டும் ஒண்ணாயிடும். 'கழிப்பின்னல் பூச்சுச்சுவர்'னு புதுசா உருவாக்கவும் வேண்டாம், வரிச்சு இருக்குல்ல! கூரை வேயுறப்ப குறுக்கால வச்சுக் கட்டுற மெல்லிசு கழிதான் வரிச்சு, வரிஞ்சு கட்டுறதுனு சொல்றோமே அந்த வரிதான் வேர். இலங்கையில வரிச்சு கட்டி மண் அப்புன வீடுனு சொன்னா யாருக்கும் விளக்கவே வேண்டாம். டாப்புக்கு 'பூசுறது'ம் பத்தாது, பூச்சுனா மெல்லிசு, இது அப்புறது. அதனால வரிச்சு மண்சுவர், மரச்சட்டத்தையும் சேர்த்து சொல்லணும்னா மரச்சட்ட வரிச்சு வீடு.

ஒரே ஒரு குழப்பம் இருக்கு. ஆஸ்திரேலியா போன வெள்ளைக்காரங்க அங்க இருந்த அகேசியா மரத்தோட கழியை வச்சு இதே சுவரைக் கட்டுனாங்க, மரத்துக்கே வாட்டில்னு பேரு ஒட்டிக்கிச்சு, அந்த மரம்தான் பிரிட்டிஷ் காலத்துல நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்து இப்ப புல்வெளியை மூடிக்கிட்டு இருக்கு. அதனால ஆங்கிலத்துல வாட்டில்னு பாத்தவுடனே வரிச்சுனு போட்டுடாதீங்க, மரமா இருந்தா சீகை.