மிஸ்ட் வந்தால் நெட் போகுமா? பார்மட் போடும் முன் இதைப் படியுங்கள்

போன வாரம் கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஓய்வுபெற்ற டீச்சரம்மா. நான்கு மாதமாகக் கம்ப்யூட்டரில் நெட் வருகிறது, போகிறது. ஒரு கடையில் கொடுத்து இரண்டு தடவை பார்மட் போட்டாயிற்று. இரண்டாவது தடவை டி டிரைவையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். மகளின் கல்யாண போட்டோக்கள், காலமான கணவரோடு எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் காப்பி இல்லை. இவ்வளவு இழந்த பிறகும் நெட் விட்டு விட்டுத்தான் வந்துகொண்டிருந்தது.

"மிஸ்ட் எறங்குனா போயிருதுங்க தம்பி. வெயில் அடிச்சா வந்துருது. நம்ம ஊரு அப்படித்தானே" என்றார்.

அவர் கவனித்தது முழுக்கச் சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் தப்பு.

ரவுட்டர் மகன் குடியிருக்கும் மேல் வீட்டில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு லேன் கேபிள் சில்வர் ஓக் மரத்தில் ஒரு சுற்று சுற்றி, தேயிலைச் செடிகளுக்கு மேலே தொங்கி, கீழ் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. நீளம் போதாமல் நடுவில் இரண்டு கேபிளை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தேன். பசை கரைந்து கொழகொழவென்று கையில் ஒட்டியது. எட்டுக் கம்பிகளில் மூன்றில் பச்சைக் களிம்பு. ஆரஞ்சுக் கம்பி விரல் பட்டதுமே ஒடிந்து கையோடு வந்தது. மேகம் இறங்கும்போதெல்லாம் அந்த முடிச்சில் ஈரம் சேர்ந்திருக்கிறது; காய்ந்ததும் நெட் திரும்பியிருக்கிறது. இதற்கு விண்டோஸ் என்ன செய்யும்?

மிஸ்ட் நெட்டைத் தடுப்பதில்லை. எத்தனை வீட்டில் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். இன்று மலையில் பல வீடுகளுக்கு வருவது ஃபைபர். முடியை விட மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளி ஓடுகிறது. வெளியே மேகம் இருந்தாலும் வெயில் இருந்தாலும் உள்ளே ஓடும் ஒளிக்கு ஒன்றுதான். சரி, வைஃபை? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். மூடுபனித் துளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. அந்த அலைக்கு அந்தத் துளி ஒரு பொருட்டே அல்ல. உங்கள் பழைய வீட்டின் ஒன்றரை அடிக் கல்சுவர்தான் பொருட்டு. கனமழையில் டிஷ் டிவி நின்றுபோவதைப் பார்த்துப் பழகியதால் இந்த எண்ணம் வந்திருக்கலாம். அது வேறு கதை: சுமார் 36,000 கிலோமீட்டர் உயரச் செயற்கைக்கோளிலிருந்து வரும் 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலை, மழைத் துளியில் தேய்ந்துவிடுகிறது. அதையும் இதையும் ஒன்றாகப் போடாதீர்கள். மேகத்தோடு சேர்ந்து நெட் போனால் எங்கோ ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள். ஈரம் புகுந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும். மேகம் என்று சொல்லிவிட்டால் யாரும் தேடவே மாட்டார்கள், அதுதான் என் ஆதங்கம்.

இன்னொரு பழக்கம், நெட் போனதும் ரவுட்டரை அணைத்துப் போடுவது. தயவுசெய்து முதல் ஒரு நிமிஷம் கை வைக்காதீர்கள். ஃபைபர் வந்து சேரும் பெட்டியான மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை; கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயரில் குரங்கு தொங்கியிருக்கலாம்; இல்லையென்றால் கதவிடுக்கில் மடங்கிய இழையோ, வெளியே உள்ள ஜாயின்ட்டோ. கம்பெனிக்கு போன் செய்யுங்கள். சிவப்பு இல்லை, ஃபைபர் இணைப்பு சரியாக இருப்பதைக் காட்டும் பான் (PON) விளக்கு சிமிட்டாமல் பச்சையாக எரிகிறது என்றால் கோளாறு வீட்டுக்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்புறம் கம்ப்யூட்டரில் கட்டளை தட்டும் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு ஜன்னலாகத் திறங்கள். இரண்டிலும் பிங் (ping) கட்டளைதான்; ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்ப்பது அது. ஒன்றில் ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1, ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். இன்னொன்றில் 8.8.8.8, அது வெளியே இருக்கும் கூகுளின் முகவரி. முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, கோடு போட்டு டி எழுத்தையும் (-t) சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். நெட் போகும் நேரத்தில் இரண்டும் நின்றால் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் கோளாறு. இரண்டாவது மட்டும் நின்றால் ரவுட்டருக்கு வெளியே. இரண்டும் ஓடியும் பக்கம் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். டீச்சரம்மா வீட்டில் இரண்டுமே நின்றன. கேபிளைத் தேடிப் போக எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வைஃபையில் இருப்பவர்கள் இதை ஒரு தடவை நல்ல கேபிள் மாட்டியும் செய்து பாருங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கரண்ட் அரை நொடி கண் சிமிட்டினால் லேப்டாப் பேட்டரியில் ஓடும்; ரவுட்டர் அணைந்து, மறுபடி எழுந்து வர இரண்டு நிமிஷம் ஆகும். நீங்கள் விளக்கு சிமிட்டியதைக் கவனித்திருக்கவே மாட்டீர்கள். ரவுட்டரின் முகவரியை பிரவுசரில் அடித்தால் வரும் ஸ்டேட்டஸ் பக்கத்தில், அது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று காட்டும். பத்து நிமிஷம் என்று காட்டினால் கரண்டையோ அடாப்டரையோதான் சந்தேகப்பட வேண்டும். ரவுட்டருக்கென்றே வரும் சின்ன யுபிஎஸ் போதும். அடாப்டர் மாற்றினால் ரவுட்டரில் எழுதியிருக்கும் அதே வோல்ட் பாருங்கள், ஆம்பியர் குறையக் கூடாது. பிளக் பொருந்துகிறதே என்று பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டரை மாட்டாதீர்கள்.

கேபிளை வெளியே இழுப்பதானால் வெளிப்புறத்துக்கென்றே செய்த கறுப்பு உறைக் கேபிள், ஒரே துண்டாக. நடுவில் முடிச்சு வேண்டவே வேண்டாம். லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் என்றால் ஃபைபர் இழுங்கள். இடி இடிக்கும்போது அந்தச் செம்புக் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி வையுங்கள், சித்திரை மழையில் இதனால் கருகிய போர்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் ஆபத்து. குழந்தைகள் கையில் எட்டவே விடாதீர்கள்.

கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் படங்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். வேறு வீட்டு ரவுட்டரில் மாட்டிப் பார்த்து, அங்கே ஒழுங்காக ஓடினால் பார்மட்டுக்குச் சம்மதிக்கவே வேண்டாம்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்திலிருந்து எனக்கு போன் ஓயாது. கூப்பிடும் முன் நெட் போன நேரங்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அப்போது மழையா வெயிலா, எந்த விளக்கு என்ன நிறம், எந்த ஜன்னலில் பிங் நின்றது, இவற்றை போனிலேயே சொல்லிவிடுங்கள். சரியான சாமானோடு வந்து, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடித்துக் கொடுத்துவிடுவேன்.