ஆல்டர்னேட்டர் கரண்ட் இலவசம் இல்லை

இந்த மாதமும் ஒரு கார் வந்தது. பானெட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஜாடி. உள்ளே ஸ்டீல் தகடுகள், மேலே மூடியிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் ஒரு நீல டியூப். கரண்ட் விட்டுத் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து இன்ஜினுக்கு அனுப்பும் 'தண்ணீர் கிட்' இது. ஜாடிக்கான வயரை பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருக்கிறார்கள், நடுவில் ஒரு ஃப்யூஸ்கூட இல்லை. வயரின் மேலுறை உருகிப் பக்கத்து வயரோடு ஒட்டிக் கிடந்தது. இன்ஜின் பெல்ட்டில் சுற்றி வண்டிக்குக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் காலி. வண்டிக்காரர் வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். "பாதிக்குப் பாதி தண்ணீரிலேயே ஓடும்" என்று சொல்லி இந்தக் கிட்டை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது, ஹைட்ரஜன் எரியும், அதனால் தண்ணீரும் எரிபொருள் என்பது விற்பவர்களின் வாதம். ஹைட்ரஜன் எரிந்து முடிந்த பிறகு மிஞ்சுவதுதான் தண்ணீர். அடுப்புச் சாம்பலை யாரும் மறுபடி பற்றவைப்பதில்லை. தண்ணீரைப் பிரிக்க வேண்டுமானால், எரிந்தபோது வெளிவந்த சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரு லிட்டருக்குக் குறைந்தது 4.4 யூனிட் கரண்ட். நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே ஆகும்.

இதைச் சொன்னால் பாதிப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள். அடுத்து வரும் கேள்விதான் எனக்குப் பொறுக்காதது. "ஆல்டர்னேட்டர் எப்படியும் சும்மா சுத்திக்கிட்டுதானே இருக்கு, அந்தக் கரண்ட்டை எடுத்தா என்ன நஷ்டம்?" படித்தவர்களும் கேட்கிறார்கள், மெக்கானிக்குகளும் கேட்கிறார்கள்.

ஆல்டர்னேட்டர் சும்மா சுற்றவில்லை. எவ்வளவு கரண்ட் இழுக்கிறோமோ அவ்வளவுக்கு அது பெல்ட்டைப் பிடித்து இழுக்கும். பழைய சைக்கிள் டைனமோவை டயரில் சாய்த்ததும் பெடல் கனத்தது நினைவிருக்கிறதா? அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. இன்றைக்கே உங்கள் காரை ஐடிலில் விட்டு ஹெட்லைட், புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் சத்தம் ஒரு நொடி இறங்கி, பிறகு நிமிரும். நிமிரும்போது உள்ளே போவது பெட்ரோல்.

கணக்காகவே பார்த்துவிடலாம். ஜாடி 20 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14 வோல்ட்டில் அது 280 வாட். அதைக் கொடுக்க ஆல்டர்னேட்டர் இன்ஜினிடமிருந்து ஏறத்தாழ 470 வாட் பிடுங்கும். ஜாடியிலிருந்து வரும் ஹைட்ரஜன் எரிந்தால் கிடைக்கும் வெப்பம் தாராளமாகப் போட்டாலும் 200 வாட். அதில் கால் பங்கைத்தான் இன்ஜின் வேலையாக மாற்றும். ஆக 470 கொடுத்து 50 வாங்குகிறீர்கள். இதில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பெட்ரோலிலிருந்து எடுத்துக்கொள்வது சுமார் 30,000 வாட். அந்த ஜாடி எந்த மூலைக்கு?

"மாட்டின பிறகு மைலேஜ் கூடியிருக்கே" என்பார்கள். கிட் மாட்டுபவர் அதோடு சேர்த்து டயரில் காற்றடித்து, ஏர் ஃபில்டரும் மாற்றித் தருவார். காசு போட்டவரும் ஒரு மாதம் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் பதமாக ஓட்டுவார். மைலேஜ் ஏறாமல் என்ன செய்யும்? இன்னொரு வேலையும் நடக்கிறது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வயரில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகிவிடுகிறார்கள். அது ஈசியூவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை, ஏமாற்றி பெட்ரோலைக் குறைக்கும். அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் சேதம் அங்கேதான் ஆரம்பம். மிக்சர் லீன் ஆகி (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து), இன்ஜின் நாக்கிங் அடித்து (உள்ளே தாறுமாறாக வெடித்துத் தட்டி), வால்வு எரியும் வரைக்கும் போகலாம்.

இந்தக் கதை புதிதும் இல்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஸ்டான்லி மேயர் தண்ணீர்க் கார் என்று முதலீடு வாங்கினார். நிபுணர்கள் அவருடைய கருவியைப் பார்த்து, நடப்பது சாதாரண மின்பகுப்புதான், அதாவது கரண்ட் விட்டுத் தண்ணீரைப் பிரிப்பதுதான் என்றார்கள். 1996-ல் நீதிமன்றம் அதை அப்பட்டமான மோசடி என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. பிலிப்பைன்ஸில் இதே தண்ணீர்க் கார் கதை சொன்ன டேனியல் டிங்கலுக்கு மோசடிக்காக 2008-ல் சிறைத்தண்டனை. 2012-ல் பாகிஸ்தானில் ஆகா வகார் அகமது இதே மாதிரி கிட்டோடு டிவியில் வந்தபோது அமைச்சர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். நமக்கு மூலிகை பெட்ரோல் மறந்திருக்காது. தண்ணீரில் மூலிகை போட்டுப் பெட்ரோல் செய்வதாகச் சொல்லி 1996-ல் நாடே திரும்பிப் பார்த்த ராமர் பிள்ளைக்கு 2016-ல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டு சிறை விதித்தது.

அப்புறம், அமைச்சரே தண்ணீரில் ஓடும் காரில் வந்தார் என்று சுற்றும் அந்த வாட்ஸ்அப் வீடியோ. 2022-ல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி நாடாளுமன்றத்துக்கு வந்த டொயோட்டா மிராய், தண்ணீரில் ஓடும் கார் இல்லை. வேறு இடத்தில் தயாரித்து, அதிக அழுத்தத்தில் அடைத்த ஹைட்ரஜனில் ஓடுவது. புகைக்குப் பதில் தண்ணீர் விடும், அவ்வளவுதான்.

தயவுசெய்து யூடியூப் பார்த்து வீட்டில் ஜாடி செய்யாதீர்கள். அதில் வருவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியத் தயாராகக் கலந்த வாயு. இன்ஜின் ஒருமுறை பேக்ஃபயர் அடித்தால் (உள்ளே வெடிக்க வேண்டியது காற்றுப் பாதையில் பின்னோக்கி வெடித்தால்) தீ டியூப் வழியே திரும்பி வந்து ஜாடியை வெடிக்கவைக்கும். உள்ளே இருப்பது வெறும் தண்ணீரும் இல்லை, தோலை அரிக்கும் காஸ்டிக் காரம் கலந்தது. கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கம்பெனி அமைப்பை மீறி வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் வரும். தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கிளெயிமும் சிக்கலாகும்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் சும்மா சுவிட்சை மட்டும் ஆஃப் செய்து விட்டுவிடாதீர்கள். இன்ஜின் ஆறியதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கையுறையும் கண்ணாடியும் போடாமல் ஜாடி மூடியைத் திறக்க வேண்டாம். டியூப் போன ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள், சென்சார் வயரில் இருக்கும் பெட்டியைக் கண்டுபிடித்து எடுக்கச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டர் சார்ஜிங்கையும் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். கிட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு நல்ல டயர் இரண்டு வாங்கியிருக்கலாம். அடுத்த முறையாவது அதைச் செய்யுங்கள்.