கூம்பா மிதிபடுவது எப்படி?

செங்காங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தொடக்கநிலை 5 படிக்கும் அவருடைய மகன், நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் பழைய ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆடுகிறானாம். “கூம்பாவின் விலாவில்தான் போய் இடிக்கிறான். சில நேரம் இவன் சாகிறான், சில நேரம் கூம்பா நசுங்கிப்போகிறது. விளையாட்டில் கோளாறா, என் கண்ணில் கோளாறா?”

கண் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. நீங்கள் பார்த்தது அப்படியே நடக்கிறது.

கூம்பாவை அறியாதவர்களுக்கு ஒரு வரி: காளான் தலை, முறைக்கும் புருவம், குட்டைக் கால். 1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளியான அந்த விளையாட்டின் முதல் கட்டத்தில் எதிரே வரும் முதல் எதிரி இதுதான். ஆனால் கடைசியில் பிறந்த பிள்ளை. ஆமை எதிரியை மிதிக்கவும் வேண்டும், பிறகு அதன் ஓட்டை உதைக்கவும் வேண்டும். புதிதாக ஆட வருபவருக்கு எடுத்த எடுப்பிலேயே அது சிரமம் என்று, விளையாட்டை வடிவமைத்த மியாமோட்டோவின் குழுவுக்குத் தோன்றியது. ஒரே மிதியில் ஒழிகிற எதிரி ஒன்று தேவைப்பட்டது. அதற்குள் நினைவகத்தில் இடம் தீர்ந்துபோயிருந்தது. மொத்த விளையாட்டுக்கும் 40 கிலோபைட்தான். உங்கள் மாமா தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூ அநேகமாக அதைவிடப் பெரியது. ஆகவே கூம்பாவுக்கு நடக்கும் படம் ஒன்றே ஒன்று. அதை இடவலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினால் நடக்கிற மாதிரி தெரியும். நசுங்கிய கூம்பாவுக்கு அந்தச் செலவும் இல்லை: பாதி வரைந்து, மறுபாதிக்கு அதையே கண்ணாடிப் பிம்பமாக வைத்துவிட்டார்கள்.

இடம் மட்டுமல்ல, நேரமும் பஞ்சம். அந்த விளையாட்டு முதலில் ஓடிய ஃபேமிகாம் கருவியின் செயலி 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. வேலை நினைவகம் 2 கிலோபைட். நொடிக்கு 60 முறை திரை மாறும். ஒவ்வொரு முறைக்கும் இடையில் எல்லாரையும் நகர்த்தி, யார் யாரோடு மோதினார்கள் என்று பார்த்து முடித்தாக வேண்டும். அந்தச் செயலிக்குப் பெருக்கல் கட்டளையே கிடையாது. வர்க்கம், வர்க்கமூலம் போட்டுத் தூரம் அளப்பதெல்லாம் நடக்காத காரியம்.

அதனால் மாரியோவையும் கூம்பாவையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத செவ்வகங்கள். ஹிட்பாக்ஸ் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். கூம்பாவின் செவ்வகம் அதன் படத்தைவிட வேண்டுமென்றே சிறியது. இரண்டு செவ்வகங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மோதல். கழித்தலும் ஒப்பிடலும் போதும். அதைக்கூடத் திரை இரண்டு முறை மாறுவதற்கு ஒரு முறைதான் சோதிக்கிறது.

மோதியாயிற்று. யார் சாக வேண்டும்?

நம்மைக் கேட்டால், மாரியோவின் பாதம் கூம்பாவின் தலையில் பட்டதா என்று பார்க்கச் சொல்வோம். பாதம் எது, தலை எது, எந்தக் கோணத்தில் வந்தான் என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். நிரலை எழுதியவர்கள் முதலில் பாதத்தைத் தேடவே இல்லை. மாரியோ இப்போது கீழே இறங்கிக்கொண்டிருக்கிறானா? இது ஒன்றுதான் கேள்வி. இறங்கிக்கொண்டிருந்தால் அது மிதி. எங்கே பட்டது என்பது பொருட்டே அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம். திரையில் செங்குத்து அளவு மேலிருந்து கீழே எண்ணப்படுகிறது. எனவே விழும்போது வேகம் பிளஸ், எழும்பும்போது மைனஸ், தரையில் நடக்கும்போது பூஜ்யம். இந்த வேகம் ஒரே ஒரு பைட்டில் இருக்கிறது. ஒரு பைட்டில் எட்டு பிட்கள், ஒவ்வொன்றும் 0 அல்லது 1; முதல் பிட் 1 என்றால் அதை மைனஸ் எண்ணாக எடுத்துக்கொள்வது வழக்கம். செயலிக்கு ஓர் அருமையான பழக்கம் உண்டு: எந்த எண்ணைக் கையில் எடுத்தாலும், ‘இது மைனஸா’, ‘இது பூஜ்யமா’ என்று இரண்டு குறிப்புகளைத் தானாகவே எழுதி வைத்துக்கொள்ளும். அதற்குத் தனிச் செலவு இல்லை. ஆகவே தீர்ப்புக்கு மூன்றே கட்டளைகள். வேகத்தை எடு. மைனஸ் என்றால் விசாரணைக்குப் போ. பூஜ்யம் இல்லை என்றால் ‘மிதிபட்டது’ பகுதிக்குப் போ. பெருக்கத் தெரியாத ஒரு செயலி ஓர் உயிரை மூன்று வரியில் முடித்துவிடுகிறது!

இரண்டிலும் சேராத பூஜ்யமும் அந்த விசாரணைக்குத்தான் வந்து விழும். அங்கே கொஞ்சம் கருணை இருக்கிறது: எதிரி கூம்பா அல்லாத வேறு சில வகை என்றால், மாரியோ எழும்பிக்கொண்டிருந்தாலும் அதைவிடப் போதிய உயரத்தில் இருந்தால், போகட்டும், மிதி என்றே வைத்துக்கொள்கிறது. இல்லையென்றால் அடி அவனுக்கு.

இப்போது வாசகியின் மகனைப் பாருங்கள். தரையில் ஓடி விலாவில் இடித்தால் வேகம் பூஜ்யம், செத்தான். அதே விலாவில், ஒரு குதிப்பு முடிந்து இறங்கும்போது உரசினால், கூம்பா காலி. இன்னும் வேடிக்கை, தலைக்கு மேலிருந்து கூம்பா வந்து விழுந்தாலும், அந்தக் கணத்தில் மாரியோவும் இறங்கிக்கொண்டிருந்தால் மிதிபட்டது கூம்பாதான். வேகப்பந்தயம்போல ஆடுபவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் ‘பட்டனை அழுத்திப் பிடித்தால் சாகும்’ என்று சாஸ்திரம் சொல்வார்கள். விளையாட்டு அடங்கிய கேட்ரிட்ஜ் பெட்டியை வாயால் ஊதினால் ஓடும் என்று நம்பிய தலைமுறைதானே! ஊதியதால் ஓடவில்லை. கழற்றி மறுபடி செருகியதில் தொடுபுள்ளிகள் சரியாகப் பொருந்தின, அவ்வளவுதான். எச்சில் ஈரம் அந்த உலோகத்துக்குக் கெடுதல் வேறு.

கூம்பாவின் கூட்டாளி ஒருவன் இருக்கிறான், ஸ்பைனி. முதுகெல்லாம் முள், மிதித்தால் மிதித்தவனுக்கே அடி. அவனுக்கென்று தனி வழி வைக்கவில்லை. அவனும் இதே வழியாகத்தான் வருகிறான். ‘மிதிபட்டது’ என்று முடிவான பிறகு, நிரல் கடைசி நேரத்தில் ‘மிதிபட்டவன் ஸ்பைனியா?’ என்று கேட்டுத் தீர்ப்பைத் திருப்பி எழுதுகிறது.

இந்த ஸ்பைனியை வைத்து எம்ஐடியின் கணினியியலாளர் எரிக் டிமெயினும் சகாக்களும் 2016-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். குறுகலான பாதையில் ஒரு ஸ்பைனி. அவன் இந்தப் பக்கம் இருந்தால் வழி மூடல், அந்தப் பக்கம் இருந்தால் வழி திறப்பு. மாரியோ கீழிருந்து கட்டையை முட்டி அவனை மறுபக்கம் எகிறவைக்கலாம். அப்படியென்றால் ஒரு ஸ்பைனி என்பது ஒரு பிட் நினைவகம். இத்தகைய கதவுகளை வேண்டிய அளவு அடுக்கினால், ஒரு கட்டத்தைக் கடக்க முடியுமா என்ற கேள்வியே, கணினியியலில் பி-ஸ்பேஸ் (PSPACE) எனப்படும் மிகக் கடினமான வகையில் போய்ச் சேர்கிறது என்று நிறுவினார்கள்.

“இதற்கெல்லாமா பணம்?” என்று கேட்பவர்கள் நம்மூரிலும் உண்டு. சிங்கப்பூரின் ஆர்ஐஇ2025 என்ற ஆய்வு, புத்தாக்கத் திட்டத்தில் 2021 முதல் ஐந்தாண்டுக்குச் சுமார் 25 பில்லியன் வெள்ளி ஒதுக்குவதாக அறிவித்தார்கள். உற்பத்தி, உடல்நலம், நகர வாழ்க்கை, அறிவார்ந்த தேசம் என்று தலைப்புகள் எல்லாம் கண்ணியமானவை, வேண்டியவையும்கூட. ஆனாலும் விண்ணப்பத்தில் ‘ஸ்பைனி’ என்று எழுதுகிற ஒரு மாணவரைக் கண்டு சிரிக்காத குழு ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. ஒரு கேள்வி கணினிக்கு எவ்வளவு கடினம் என்று அளப்பதும், அதையே விளையாட்டை வைத்து அளப்பதும் ஒரே கணக்குதான்.

ஒரு திருத்தம் மட்டும். அந்தக் கடினம், திரைக்கு வெளியே போன ஸ்பைனியையும் நினைவில் வைத்திருக்கும் கற்பனை மாரியோவுக்கு. உங்கள் மகன் ஆடும் நிஜ விளையாட்டு, திரையை விட்டு நன்றாகத் தள்ளிப்போன எதிரியை மறந்துவிடுகிறது. அந்த மறதியால் கணக்கு எளிதாகிவிடுகிறது என்பதையும் அதே கட்டுரை நிறுவியிருக்கிறது.