கச்சான் காலத்து மாடு ஏன் பருவத்துக்கு வருவதில்லை?

ஆவணி பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு ஒரே கேள்விதான். "டொக்டர், மாடு பருவத்துக்கு வருதில்ல. ஒரு ஊசி போட்டுப் பாருங்களன்."

போன வருடம் கேட்டவர் மட்டக்களப்பில் உன்னிச்சைப் பக்கம் பட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர். போய்ப் பார்த்தேன். கச்சான் என்ற வறண்ட கோடைக்காற்று அடித்தடித்துக் குளத்தோரம் வெடித்துக் கிடந்தது. மாட்டின் விலா எலும்பைத் தூரத்தில் நின்றே எண்ணலாம். கையை விட்டுப் பார்த்ததில் கருப்பையில் நோய் எதுவும் இல்லை. முட்டைப்பை இரண்டும் சிறுத்து, வழுவழுப்பாக, வேலை நிறுத்தம் செய்திருந்தன.

"நோயில்ல பெரியப்பா, பொறுத்திருக்குது" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

மெலிந்த மாடு பருவத்துக்கு வராமல் இருப்பது பழுதல்ல. ஒன்பது மாதத்துக்கு மேல் கன்றைச் சுமக்க வேண்டும், அப்புறம் பால் கொடுக்க வேண்டும். அவ்வளவுக்கு உடம்பில் இருப்பு இல்லை என்று தெரிந்தால் மூளையே முட்டை வெளிவருவதை நிறுத்தி வைக்கும். இந்த நிலையில் ஊசி போட்டுச் சினை பிடிக்கும் என்று நம்பினால் பெரும்பாலும் காசுதான் போகும்.

மருத மர நிழலில் படுத்து அது அசைபோடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஒரு உருண்டை மேலேறுவது தெரிந்தது. எண்ணினேன், 54 தடவை மென்றது. விழுங்கியது. ஒரு மூச்சு சும்மா இருந்தது. பிறகு அடுத்த உருண்டை. காய்ந்த புல்லில் புரதம் சொற்பம். அதனால் சிறுநீரில் வெளியேற வேண்டிய யூரியாவில் ஒரு பங்கை உமிழ்நீரோடு மறுபடி முதல் வயிற்றுக்கே அனுப்பிவிடுகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்கிக் கொடுக்கின்றன. எங்கள் வீட்டுச் செலவை இப்படி நடத்தத் தெரிந்தால்!

எருமையிடம் இந்தச் சாமர்த்தியத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. அதற்கு வியர்வைச் சுரப்பி குறைவு, உடம்புச் சூடு லேசில் இறங்காது. சேற்றுக்குழி வற்றினால் நிழலில் கட்டி, உடம்பில் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும்.

அதே குளத்தில் அன்று தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். மண்ணோடு ஒரு பாலாமை வந்து விழுந்தது. தலை, கால் எல்லாம் உள்ளே. "செத்திட்டுது" என்று ஒரு பொடியன் காலால் தட்டினான். சாகவில்லை. குளம் வற்றும்போது பாலாமை சேற்றுக்குள் இறங்கி, அசையாமல் மழைக்குக் காத்திருக்கும். இப்படி எதுவும் அகப்பட்டால் வெயிலில் போடாமல், ஈரமான சேற்றில் திரும்பப் புதைத்துவிடுங்கள்.

சரி, அவசரத்தால் வரும் கேட்டைச் சொல்ல வேண்டும். அதில் முதல் குற்றவாளி நான். வேலைக்கு வந்த புதிதில் ஒருவரிடம் "மாட்டுக்கு நல்லாத் தீன் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டேன். அவர் இரக்கப்பட்டு ஒரு பெட்டி அரிசியை அப்படியே வைத்துவிட்டார். மறுநாள் காலையில் மாடு எழும்பவில்லை, பின்னேரம் செத்துவிட்டது. வைக்கோலுக்குப் பழகிய வயிற்றில் தானியம் திடீரென்று நிறைந்தால் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். தவிடோ தானியமோ, முதல் நாள் ஒரு பிடியில் தொடங்கி இரண்டு கிழமையில் கூட்டுங்கள். நுண்ணுயிர்கள் புதுத் தீனுக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும். மாரி மழைக்கு முளைக்கும் இளம்புல்லுக்கும் இதே கதைதான். வெறும் வயிற்றோடு அவிழ்த்து விடாமல், முதலில் வைக்கோல் போட்டு அனுப்புங்கள்.

பெரியவருக்கும் இதையே சொன்னேன். அவர் கேட்டாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

தை மாதம் ஒருநாள் விடியக்காலையில் போன். "டொக்டர், மாடு இப்பதான் கத்தத் தொடங்கியிருக்கு. உடன வாங்க!"

காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் பின்னேரம் சினை ஊசி (செயற்கைமுறைக் கருவூட்டல்) போடுவதுதான் பொருத்தம். "பின்னேரம் வாறன் பெரியப்பா" என்றேன்.

"இன்னுமா பொறுக்கணும்?" என்றார்.