கண்ணாடி போல இருந்த தண்ணீர்

"தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது, டாக்டர்." பேதியில் உடல்நீர் வற்றிக் கண்கள் குழிவிழுந்து, அழுதும் கண்ணீர் வராமல் கிடந்த இரண்டு வயதுக் குழந்தையின் தாய் சொன்னது. இந்த வாரத்தில் இதைக் கேட்பது நான்காவது முறை.

அம்மா, கலங்கல் வேறு, கிருமி வேறு. ஒரு குவளை நீரில் லட்சக்கணக்கான பாக்டீரியாக்கள் இருந்தாலும் அது தெளிவாகவே தெரியும். மணம் மாறாது, ருசி மாறாது. குழந்தைகளுக்குப் பேதியைத் தரும் ரோட்டா வைரஸைச் சாதாரண நுண்ணோக்கியில்கூடப் பார்க்க முடியாது. வெறும் கண்ணால் பார்த்து நீருக்கு நற்சான்றிதழ் கொடுக்காதீர்கள். குழாய்நீர்தானே என்ற நம்பிக்கையும் வேண்டாம். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளியது சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி வந்த நீர். அதில் இருந்த கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசையாது, கொதிநீரில் சாகும்.

நான் பணியில் சேர்ந்தபோது காலண்டரைப் பார்த்துப் பேதி வார்டைத் தயார் செய்வோம். பூமி சூடேறிவரும் இப்போது காலண்டர் பொய் சொல்கிறது. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. வெள்ளத்தில் சாக்கடை கலப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வறட்சியைத்தான் மறந்துவிடுகிறோம். நீர் விட்டுவிட்டு வரும் குழாயில் அழுத்தம் குறையும்போது, விரிசல் வழியே வெளியே தேங்கிய கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். வீட்டிலோ, பற்றாக்குறை என்றதும் முதலில் நின்றுபோவது கைகழுவுதல். பிறகு வரும் முதல் பெருமழை, மாதக்கணக்கில் சேர்ந்த அசுத்தத்தை நீர்நிலைக்கு அடித்து வரும். கனமழை எச்சரிக்கை வந்த அன்றே ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி), துத்தநாக மாத்திரை, குளோரின் இருப்பை எண்ணிப் பார்க்க வேண்டாமா? வார்டு நிரம்பிய பிறகு கொள்முதல் கடிதம் எழுதுகிறோம்.

நீரைத் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளாதீர்கள். குளோரின் போட்டால் அரை மணி நேரம் பொறுங்கள். கலங்கிய நீரை முதலில் வடிகட்டுங்கள்.

பேதி தொடங்கிவிட்டதா? தண்ணீரை நிறுத்தாதீர்கள், தாய்ப்பாலை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு நீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டாம். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மிச்சமிருக்கும் பழைய ஆன்டிபயாடிக்கைத் தேடி எடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

குழந்தை சோர்ந்து மயங்கினால், எதையும் குடிக்க முடியாவிட்டால், சிறுநீர் நின்றுபோனால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், நள்ளிரவானாலும் தூக்கிக்கொண்டு வாருங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.