அஞ்சடியில் நடக்க இடமிருக்கிறதா?

பக்கவாதம் வந்தவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு நாலு கால் ஊன்றுகோலோடு ஒருவர் நடக்கத் தொடங்கியதும், "எங்கே போக ஆசை?" என்று கேட்பது வழக்கம். ஓர் அம்மா யோசிக்கவே இல்லை. "குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குத்தான் தம்பி." வீடு பக்கத்திலேயே, மார்க்கெட் ஸ்திரீட்டில். சின்ன வயதிலிருந்து நடந்த வழி. சரி, போவோம் என்று ஒருநாள் காலையில் கிளம்பினோம்.

பினாங்கு ஜார்ஜ்டவுன் அஞ்சடி மாதிரி வசதி வேறெங்கே கிடைக்கும்? கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைவழி அது. வெயிலும் மழையும் படாமல் கடைக்குக் கடை நடக்கலாம். ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் அவரவர் காலத்தில் தரையை உயர்த்திவிட்டார். ஓரிடத்தில் நாலு அங்குலம் ஏற்றம், அடுத்த கடையில் ஆறு அங்குலம் இறக்கம். நமக்கு அது கண்ணில்கூடப் படாது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோல், அப்புறம் பலவீனமான கால் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த அம்மா அதை வாய்க்குள் முணுமுணுத்தபடியே கால் வைத்தார். கடை கழுவிய சோப்புத் தண்ணீர் வேறு காயவில்லை. மூன்றாவது கடை வாசலில் மோட்டார் சைக்கிள், அதை ஒட்டி அரிசி மூட்டைகள். சாலையில் இறங்கினோம். பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தது.

சில கடைகளில் சக்கர நாற்காலிக்கென்று இரும்புத் தகடு போட்டிருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பதுதான் சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடி வேண்டும். இரண்டடித் தகட்டில் நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள், தெரியும். பார்வையற்றோருக்கான மஞ்சள் கற்களும் அப்படித்தான். நீளக் கோடு இருந்தால் நடக்கலாம், புள்ளி இருந்தால் நிற்க வேண்டும். அதன்மேல் பூந்தொட்டி வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம், பொதுக் கட்டடங்களையும் சேவைகளையும் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் அந்த உரிமையை மறுப்பவருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுக்கவும் 41ஆம் பிரிவு தடை போடுகிறது. பாகுபாட்டைத் தடுக்கும் அரசியலமைப்பின் 8(2) பிரிவிலோ சமயம், இனம், பாலினம் எல்லாம் உண்டு, உடற்குறை இல்லை. அதனால் அஞ்சடி அடைபட்டிருந்தால், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தைச் சொல்லி மாநகர் மன்றத்துக்கு எழுதச் சொல்வேன். நடைவழியை அடைப்பது அதில் குற்றம். கடை எண், நேரம், படம் மூன்றும் இருக்கட்டும். 'தயவுசெய்து இரக்கம் காட்டுங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள்.

தெருவைத் தாண்டி உள்ளே போனால் வேறு கதை. அதே அம்மாவோடு ஓர் அலுவலக முகப்புக்குப் போனேன். ஊழியர் என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன வேண்டுமாம்?" என்றார். அந்த அம்மா முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர், என்னைவிட நன்றாக மலாய் பேசுவார். கைரேகைக் கருவியில் வலது கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். அது விரியவில்லை. பின்னால் வரிசையில் யாரோ 'ச்ச்' கொட்டினார். நான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஊழியர் கண்ணாடிக்குப் பின்னால் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு: பேச வேண்டியவரைப் பார்த்துப் பேசுவது, "இடது கையை வைக்கிறீர்களா?" என்று கேட்பது.

கோயிலுக்கு இப்போது வெள்ளிதோறும் போகிறார். அரிசிக் கடைக்காரர் மூட்டைகளை உள்ளே தள்ளி வைத்துவிட்டார், அந்த அம்மாவே போய்க் கேட்டாராம். மோட்டார் சைக்கிள் மட்டும் அங்கேயேதான் நிற்கிறது.