கரும்புச் சக்கையில் பெட்டி: எங்கே கெட்டுப்போகிறது?

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் கரும்பு ஜூஸ் வண்டிகளில் மிஞ்சும் சக்கை, கூழாக்கி அச்சில் வார்க்கும் பெட்டிக்கு நல்ல மூலப்பொருள். முட்டைத் தட்டு, பழப்பெட்டிக்குள் வைக்கும் தாங்கி இவற்றுக்குத் தாராளமாகப் போதும். சாப்பாடு படும் தட்டுக்கு மட்டும் ரோட்டோரச் சக்கையை எடுக்கவே கூடாது. தூசி, ஈ எல்லாம் அதில் பட்டிருக்கும்.

முதல் சிக்கல் சர்க்கரை. ஆலைச் சக்கையைவிட வண்டிச் சக்கையில் சாறு அதிகம் நிற்கும். மறுநாள் வரை மூட்டையில் கட்டி வைத்தால் சூடேறிப் புளித்துவிடும், பூஞ்சை பிடிக்கும். அன்றைக்கே எலுமிச்சைத் தோலையும் இஞ்சியையும் பொறுக்கி எடுத்துவிட்டு, ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். நடுவிலுள்ள பஞ்சு போன்ற சோற்றைச் சலித்து எடுத்துவிடுங்கள். அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு பொருளை வலுவிழக்கச் செய்யும்.

அடுத்தது சக்கையை வேகவைத்துக் கூழாக்குவது. காய்ந்த சக்கை 1 கிலோவுக்கு 10 லிட்டர் தண்ணீர், 80 முதல் 100 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, அரித்து ஹைட்ரஜன் வாயு வரும். எவர்சில்வர் அண்டாவில் இரண்டு மணி நேரம் வெந்ததும் ஒரு நாரை நன்றாகக் கழுவி நசுக்கிப் பாருங்கள். பிரிபிரியாக வந்தால் பதம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வெந்து இறங்கும் கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் அது ஓட்டேரி நல்லா என்ற ஓடைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும்தான் போய்ச் சேரும். அமிலம் ஊற்றிக் காரத்தைக் குறைத்தாலும் அதில் கரைந்திருக்கும் லிக்னின், அதாவது நார்களை ஒட்டிப் பிடித்திருந்த பொருள், முழுக்கப் போகாது. சுத்திகரிப்பு வசதி இல்லாதவர்கள் வேகவைக்கும் வேலையையே தொடக் கூடாது. வெந்த கூழை அட்டையாக வாங்கி, ஊறவைத்து அச்சில் வார்ப்பதே நேர்மையான வழி.

காரம் போகும்வரை அலசிய கூழைக் கிரைண்டரில் லேசாக ஓட்டினால் போதும். அதிகம் அரைத்தால் தண்ணீர் வடியாது, வலையில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த எடைக்கு 1 கிலோ கூழை 100 லிட்டர் தண்ணீரில் கலக்கி, கம்பிவலை அச்சை முக்கி எடுங்கள். மூலை கிழிகிறதென்றால் வாழைநார்க் கூழை 10 சதவீதம் சேர்த்துப் பாருங்கள். அதன் நார் நீளமானது.

வெயிலில் மட்டும் காயவைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து கோணிக்கொள்ளும். பாதி ஈரத்தில் அச்சோடு அழுத்தி வைக்க வேண்டும். 150 முதல் 180 டிகிரி சூட்டு பிரஸ் இருந்தால் சொரசொரப்பும் குறையும்.

எண்ணெய் ஊறாமலிருக்கப் பிளாஸ்டிக் படலம் ஒட்டாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள தடையில் பிளாஸ்டிக் பூச்சிட்ட காகிதத் தட்டும் அடக்கம், மட்கவும் மட்காது. ஃபுளோரின் கலந்த எண்ணெய்த்தடுப்பு ரசாயனமும் வேண்டாம், அது மண்ணில் சிதையாமல் தங்கிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் கடல்காற்றோடு ஈரமும் சேரும். முழுக்கக் காயாத சரக்கை அடுக்கினால் நடுவில்தான் முதலில் பூஞ்சை பூக்கும். அந்த மாதங்களில் ஓர் அடுக்கை நடுவிலிருந்து உருவி, பிளந்து முகர்ந்து பார்த்த பிறகே மூட்டை கட்டுங்கள்.